உப்புக் கைலாசத்து நாயகி

செய்தி வந்தபோது நான் ஒரு பையனுக்கு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். துபாய்க்குப் போகிற பையன். சிரிக்கக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் பல்லைக் காட்டினான். நான் அவன்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்த நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மறைந்த உப்பு மண்டி காதர் மொய்தீன் சாயபு அவர்களின் மனைவியும் ரஹீம் பாய் அவர்களின் தாயாருமான ஜைனபா அம்மா வஃபாத்தாகிவிட்டார்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அறிவித்தார்கள். பையனின் சிரிப்பு நின்றது. "எங்க தெரு அம்மாதான் சார்," என்றான். அந்த நேரத்தில் அவன் முகம் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய மாதிரியே இருந்தது. எனக்குத்தான் கை ஓடவில்லை. நாளைக்கு வாப்பா என்று அவனை அனுப்பிவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

இரண்டு நாள் கழித்துச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. 'பழம்பெரும் நடிகை பத்மலோசனி காலமானார். தம் இனிய குரலால் ரசிகர்களைக் கவர்ந்தவர்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஜைனபா அம்மாதான் அந்தப் பத்மலோசனி. அவர் நடித்தது முழுக்க முழுக்கப் பேசாத படங்களில். அவருடைய குரலை எந்த ரசிகனும் கேட்டதில்லை. கேட்ட பாக்கியம் மரக்காணத்துக்காரர்களான எங்களுக்குத்தான். அதிலும் பாதி வசவு. அந்தச் செய்தியைப் படித்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியும், எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் எனக்கு அறிமுகமானது வாக்காளர் அடையாள அட்டை வந்த புதிதில். பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, பின்னால் துணியைக் கட்டி, ஊர் மொத்தத்தையும் வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அட்டைகளில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியை லேசாகத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்மா, நேரா உக்காருங்க. பின்னாடி கியூ நிக்குது," என்றேன்.

"நேராத்தான்பா உக்காந்தேன். நீதான் பாதி மூஞ்சிய இருட்டுல வெச்சிட்டு நேரா உக்காரச் சொல்றே. எந்தக் கண்ணைப் பாத்து ஓட்டுச் சீட்டு குடுப்பாங்க, சொல்லு?"

வரிசையில் நின்ற ஜனம் சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு போட்டோ புடிச்சு ரொம்பப் பழக்கமோ?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"இருக்குது," என்றார்.

அந்த வருடம் நான் எடுத்த அத்தனை படங்களிலும் மனிதர் மாதிரி இருந்தது அது ஒன்றுதான். அட்டை கைக்கு வந்ததும் என் ஸ்டூடியோவுக்கே வந்தார். "சுமாரா எடுத்திருக்கே," என்று பாராட்டிவிட்டுப் போனார். அப்புறம் பக்கத்து மருந்துக் கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் என் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

காதர் மொய்தீன் சாயபு சினிமாக்காரியைக் கட்டிக்கொண்டு வந்தார் என்பது ஊரில் மூத்தவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. என் அப்பா ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்ததும், அம்மா ஒரு கரண்டி குழம்பை அவர் சோற்றில் ஊற்றி வாயை அடைத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் அம்மையாரிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் ஒருநாள் என் கடைக் கேமராவைத் தட்டிப் பார்த்து, "எங்க காலத்துல இதைக் கையால சுத்தணும்," என்று தொடங்கினார்.

நாடகக் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாய் தந்தை இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். அம்சா என்று ஒரு தங்கை. அந்தத் தங்கையைத் தூக்கி வளர்த்ததே இவர்தான். பதினாலு வயதில் சென்னையில் ஒரு படக் கம்பெனிக்காரர்கள் இவருடைய கண்ணைப் பார்த்துப் பத்மலோசனி என்று பெயர் வைத்துக் கதாநாயகியாக்கினார்கள். ஏழெட்டுப் படங்களில் நடித்தார். எல்லாம் புராணம். அக்கா எங்கே போனாலும் தங்கையும் கூடவே போவாள். இவர் ராணி என்றால் அவள் தோழி, இவர் தேவி என்றால் அவள் சாமரம் வீசுகிறவள்.

பேசாத படமென்றால் வாயை மூடிக்கொண்டு நடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

"வாய் ஓயாம பேசுவோம்பா. உதடு அசையணும்ல? என்ன பேசறோங்கறது யாருக்கு வேணும்? புருஷன் செத்துட்டான்னு மார்ல விழுந்து அழற சீன். நான் அழுதுகிட்டே, 'யோவ், வெங்காயம் தின்னுட்டு வந்து படுத்திருக்கியே, நியாயமாய்யா'ன்னு கேப்பேன். பொணத்துக்குச் சிரிப்பு வந்துடும். கொட்டாயில அதே சீனுக்கு ஜனங்க தேம்பித் தேம்பி அழும்."

திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு கதை சொல்வாராம். படத்தில் இவர் எதைப் பேசினாலும் அந்த ஆள் "நாதா, என்னைக் கைவிட்டீரே" என்று உருகிவிடுவார். "எனக்கு ஊருக்கு ஒரு குரல்பா. சேலத்துல ஆம்பளைக் குரல், மதுரையில பொம்பளைக் குரல்," என்பார்.

மரக்காணத்துக்கு அவர் வந்த கதையை நான் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். கம்பெனி எடுத்த ஒரு படத்தில் கைலாசம் காட்ட வேண்டியிருந்தது. பனிமலைக்குப் போக அவர்களுக்கு வசதி ஏது? மரக்காணத்து அளத்தில் மலை மலையாக உப்பு கிடக்கிறது, வெள்ளை வெளேரென்று இருக்கும், பனிக்கும் உப்புக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். திண்டிவனத்தில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டிகளில் சிவனும் பார்வதியும் பூதகணங்களும் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஸ்டூடியோவில் முகத்துக்கு வெளிச்சம் அடிக்க வைத்திருந்த வெள்ளித்தகடு ஒட்டிய பலகைகளையும் கூடவே கொண்டுவந்து உப்பளத்தில் நட்டுவிட்டார்கள். உப்பளத்தில் நடுப்பகலில் நின்றவர்களுக்குத் தெரியும், தரையே கண்ணைக் குத்தும். அதற்கு மேல் தகடு வேறு. எடுத்ததைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவிப் பார்த்தால் மலை இருக்கிறது, சிவனைக் காணோம்.

"என் மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு புருவமும் ஒரு மூக்குத்தியும் இருந்துச்சாம்," என்பார். "டைரக்டரு தலையில கை வெச்சிட்டு உப்பு மேலயே உக்காந்துட்டாரு. எழுந்தப்புறம்தான் அவருக்கு எரிச்சல் தெரிஞ்சிது."

மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் கைலாசம் எங்கள் ஊரில் கூடுதலாகக் கொஞ்ச நாள் தங்கியது. கைலாசத்தில் யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது டைரக்டரின் கட்டளை. பெண்களின் கால்களெல்லாம் உப்பு அறுத்து வெடித்துவிட்டன. அளத்துக்காரரின் மகன் காதர் மொய்தீன், அப்போது இளவட்டம், தினமும் சாயங்காலம் அளத்தில் வேலை செய்யும் பெண்களிடம் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார்.

"எனக்கு மட்டும் அனுப்பியிருந்தா என்னமோ ஏதோன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். அம்சாவுக்கும் வந்துச்சு, தகடு புடிக்கிற ஆளுங்களுக்கும் வந்துச்சு, சிவனுக்கும் ஒரு கிண்ணம் வந்துச்சு. இந்த மனுஷன் நல்லவன்க்கான்னு அம்சாதான் மொதல்ல சொன்னா."

இப்படி எல்லாவற்றையும் சொல்வார். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். அம்சா எப்படி இருப்பாள், உங்கள் ஜாடையா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சிவனுக்கு ஒட்டுத்தாடி எத்தனை முறை கழன்றது என்று ஆரம்பித்துவிடுவார். தங்கையின் படம் ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டேன். கதாநாயகிக்குத்தான் படம் பிடிப்பார்கள், தோழிகளுக்கு யார் பிலிம் செலவழிப்பார்கள் என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

பிறகு சுனாமி வந்தது. எங்கள் கடலோரக் குப்பங்களில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அடுத்த வாரங்களில் என் கடைக்கு வந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டோடு படங்களும் போய்விட்டிருந்தன. நான் எடுத்த கல்யாணங்களின், காதுகுத்துகளின், பள்ளிக்கூடப் படங்களின் நெகட்டிவ்களையெல்லாம் பிஸ்கட் டின்களில் போட்டுவைத்திருக்கிறேன் என்பது தெரிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு மீனவர் வந்தார். மகள் போய்விட்டாள். அவளைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை.

"மச்சான் கல்யாணத்துல ஜனத்தோட ஜனமா நின்னிருக்கும் சார். பச்சைப் பாவாடை. பந்திக்குப் பக்கத்துல எங்கியாவது இருக்கும், பாருங்க சார்."

அந்தக் கல்யாணத்து நெகட்டிவ்களை எல்லாம் வெளிச்சப் பெட்டியில் பரப்பித் தேடினோம். பாயசத் தம்ளரோடு ஓர் ஓரமாக நின்றிருந்தாள். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டுக் கொடுத்தேன். மங்கலாகத்தான் வந்தது. அவர் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஈரம் காயும்முன் முத்தம் கொடுத்துவிட்டார். மாத்திரை வாங்க வந்த ஜைனபா அம்மா பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மீனவர் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏம்பா, எனக்கும் ஒரு மொகம் தேடிக் குடுப்பியா?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் அம்சாவைப் பற்றி மீதியைச் சொன்னார். கைலாசப் படம் சென்னையில் ஓடிக்கொண்டிருந்தபோது அம்சாவுக்குப் பெரியம்மை போட்டது. அக்காதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். முகம் முழுக்க முத்து. கண்கூடத் தெரியவில்லை. அப்படியே போய்விட்டாள்.

"கடைசியா பாத்த மொகம் அது. அதுதான் நிக்குது. அதுக்கு முந்தின மொகத்தை வா வான்னு கூப்புட்டா வரமாட்டேங்குதுப்பா. எத்தினி வருஷமா கூப்புடறேன். அப்பவே கொட்டாய்க்குப் போயி அந்தப் படத்தைப் பாத்திருந்தா மனசுல நின்னிருக்கும். அவ போனப்புறம் படம் ஓடற தெருவுக்கே போக மாட்டேன்னுட்டேன். பாக்கணும்னு நெனச்சப்போ படம் இல்ல."

பேசும் படம் வந்தபோது கம்பெனிகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன. நல்ல குரல், நாடகத்தில் பாடிய பழக்கமும் உண்டு. பக்கத்தில் சாமரம் வீச அவள் இல்லாமல் தனக்கு நிற்க வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். துக்கம் கேட்க மரக்காணத்திலிருந்து வந்தவர் காதர் மொய்தீன் ஒருவர்தான். அவரையே கட்டிக்கொண்டு, மார்க்கத்தில் சேர்ந்து, ஜைனபாவாக எங்கள் ஊருக்கு வந்தார். இது அத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"எனக்கு இன்னும் எத்தினி நாளு? போய்ச் சேர்ற எடத்துல அவ எதிர்ல வந்து நின்னு அக்கான்னு கூப்பிட்டா, நீ யாரும்மான்னு கேட்டுட்டேன்னா? அந்தப் புள்ள தாங்குமாப்பா?"

தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவர், ஹஜ் செய்து வந்தவர், மரணத்தைப் பற்றி அவருக்கிருந்த ஒரே பயம் அதுதான்.

குயிலாப்பாளையத்தில் கிளாரா என்று ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார். பழைய படச் சுருள்களைத் தேடிச் சேர்ப்பது அவருக்குத் தொழிலா பைத்தியமா என்று எனக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கையால் கழுவித் தரும் ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்பதால் என் கடைக்கு வருவார். அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். அந்தக் காலத்துப் படங்கள் எரிந்தும் மக்கியும் போய்விட்டன, ஆசை காட்டாதீர்கள் என்றார். ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தேடிவிட்டு, சென்னையில் ஒரு பழைய சினிமா லேபரட்டரி ஊழியரின் வீட்டுப் பரணில் ஒரு டின் கிடைத்ததாகச் சொன்னார். படம் இல்லை. வெட்டிப் போட்ட கழிவுத் துண்டுகள். அதில் ஒரு துண்டில் வெள்ளையாக ஒரு மலையும் பெண்களும் இருக்கிறார்கள். சுருளை ஓட்ட முடியாது, தீப்பிடிக்கும். அதனால் வீடியோவாக மாற்றி வைத்திருந்தார்.

நான் சந்தோஷமாக ரஹீம் பாய் வீட்டுக்கு ஓடினேன். ரஹீம் பாய் நல்ல மனிதர். உப்பு மண்டி முதலாளி, பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர், வயது எழுபதை நெருங்குகிறது. அம்மா நடித்ததைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒருவரிடமும் பேசியதில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எதுக்கு சார் இதெல்லாம் கிளறுறீங்க? அவங்க அஞ்சு வேளை தொழறவங்க. ஜமாத்துல நாளைக்கு என் மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்களா?" என்றவர், உள்ளே திரும்பி, "அம்மா, இந்த வயசுல உங்களை நீங்களே சினிமாவுல பாத்து என்ன ஆவப் போவுது?" என்றார்.

ஜைனபா அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னார். "என்னைப் பாக்க யாருடா போறா? உன் சின்னம்மாவைப் பாக்கப் போறேன்."

"எனக்கு ஏதும்மா சின்னம்மா?"

எழுபது வயது மகனுக்கு அப்படி ஒருத்தி இருந்தது தெரியாது. ஊர் வாய்க்குப் பயந்து அம்மா எதையும் சொல்லவில்லை, மகனும் எதையும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து சினிமாக்காரி என்று கெட்ட பெயர் வாங்கியிருப்பாள் என்றார் ஜைனபா அம்மா. ரஹீம் பாய் கார்ச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "வண்டி நான் ஓட்டறேன். உள்ள வர மாட்டேன்," என்று கடைசியில் சொன்னார்.

சொன்னபடியே கிளாரா வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் உள்ளே போனோம். சுவர் முழுக்க வெள்ளை அடித்திருந்தது. அம்மையாரைச் சுவருக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கண்புரை எடுத்த கண். கண்ணாடியைத் துப்பட்டியால் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார் கிளாரா.

சுவரில் வெறும் வெள்ளை. வெள்ளை மேட்டில் வெள்ளை உருவங்கள். சேலையின் கரை தெரிந்தது, கையில் சாமரம் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடங்களில் ஒன்றுமே இல்லை. தகட்டை எடுத்தபிறகும் உப்பு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. முகம் பதியவில்லை என்றால் பதியவில்லைதான், அதை எந்த லேபிலும் வரவழைக்க முடியாது, நாற்பது வருடத் தொழிலில் எனக்கு அது தெரியும். ஏன் இந்த அம்மாவை இவ்வளவு தூரம் கூட்டிவந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"எங்கப்பா? எங்க இருக்கறா?" என்றார் அவர், முன்னால் குனிந்து.

அப்போது சுவர் இருண்டது. சூரியனை மேகம் மறைத்திருக்கிறது. மேகம் வந்தால் கேமராக்காரர் சுற்றுவதை உடனே நிறுத்திவிடுவார், சுருள் வீண் அல்லவா? அன்றைக்கு என்ன நினைவில் இருந்தாரோ, சுற்றிக்கொண்டே இருந்துவிட்டார். அப்படி எடுபட்டதை யாரும் படத்தில் சேர்க்க மாட்டார்கள். வெட்டிக் கழிவில் போடுவார்கள். அந்தக் கழிவுதான் எங்கள் கையில் இருந்தது. படத்தில் சேர்ந்த துண்டுகளெல்லாம் படத்தோடு போய்விட்டன.

வெளிச்சம் தணியத் தணிய உப்பு சாம்பல் நிறமாயிற்று. கேமராவுக்குக் கிட்டத்தில், சாமரம் பிடித்திருந்த பெண்ணுக்கு முதலில் கண் வந்தது, பிறகு மூக்கு வந்தது, வாய் வந்தது. பதினாறு வயது இருக்கும். முன்பல்லில் ஓர் இடைவெளி. ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அதோடு துண்டு முடிந்துவிட்டது.

"அம்சா!"

அந்தக் கூவல் வாசல்வரை போயிற்று. வாசலில் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ரஹீம் பாய் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். கிளாரா அதற்குள் திரும்ப ஓட்டித் துண்டின் கடைசிக் கணத்தில் நிறுத்தியிருந்தார். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் பல்லிடுக்குத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது?"

"உன் சின்னம்மாடா. பாரு, பல்லைப் பாரு. இந்தப் பல்லைத்தான்டா நான் மறந்து தொலைச்சேன். இதுதான் அவ. இதுதான்."

ரஹீம் பாய் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மேகம் வருகிற இடத்தில் அம்மையார் மகனின் தோளைப் பிடித்துக்கொள்வார். கிளம்பும் நேரத்தில் நான் கேட்டேன், "உங்களைப் பாத்தீங்களாம்மா? எப்படி இருக்கீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நானா? நானும் இருந்தனா அதுல?"

கிளாரா வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, பாக்க வந்தவளைப் பாத்துட்டேன்," என்று சொல்லி எழுந்துகொண்டார். பத்மலோசனி நடித்த படங்களில் மிஞ்சியது இவ்வளவுதான். இதிலும் அவர் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. நடிக நடிகையர் பலரை நான் படம் எடுத்திருக்கிறேன். நூறு பேர் நிற்கும் படத்தைக் கொடுத்தாலும் தன் முகத்தை முதலில் தேடாத ஒருவரை நான் கண்டதில்லை, இவரைத் தவிர.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. உடம்பு தளர்ந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அம்சாவின் அந்த முகத்தை நல்ல தாளில் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தலைமாட்டில் வைக்கட்டும் என்று நினைத்தேன். கையில் வாங்கிப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு எதுக்குப்பா? இனிமே மறக்கறதுக்கு எனக்கு ஏது நேரம்? அவன்கிட்ட குடு. அவன் இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கான்."

ரஹீம் பாய் அதை வாங்கி மண்டியில் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். சுவரில் மாட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. அடக்கத்தன்று கபர்ஸ்தானில் ஜமாத்தைச் சேராத எங்களைப் போன்றவர்களும் நிறையப் பேர் இருந்தோம். அளத்தில் கூலி வேலை செய்கிற பெண்கள் வேலை உடையோடே வந்து மதிலுக்கு வெளியே நின்றார்கள். நானும் என் பங்குக்கு மண் தள்ளினேன். திரும்பி நடக்கும்போது ரஹீம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டென்ஷனா இருக்கறப்ப மேஜையத் தொறந்து பாப்பேன் சார். சின்னம்மா சிரிக்கறதைப் பாத்தா நமக்கும் சிரிப்பு வந்துடுது," என்றார். ஜமாத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அம்மா, இனி உங்களிடம் நேரடியாக ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பிப் போனபிறகு நானும் கிளாராவும் அந்தத் துண்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தோம். உங்களைப் பார்ப்பதற்காகவே பார்த்தோம். பின்னால் உப்பு மேட்டின் உச்சியில் பார்வதியாக ஒற்றைக் காலில் தவம் நிற்கிறீர்கள். தலைக்கு மேல் கை கூப்பியிருக்கிறது. மேகம் வந்ததும் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். சிவன் தாடியைச் சொறிகிறார், பூதகணம் ஒன்று கொட்டாவி விடுகிறது. நீங்கள் ஒருவர்தான் அசையவில்லை. வெடித்த காலோடு, கேமராவின் கைப்பிடி சுற்றுகிறவரை நிற்கிறீர்கள். என்ன உடம்பு அது, என்ன பிடிவாதம்! அதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

ஆனால் தவத்தில் மூடியிருக்க வேண்டிய கண் மூடியிருக்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பாமல், கையை இறக்காமல், கண்ணை மட்டும் திறந்து தங்கையைப் பார்க்கிறீர்கள். உங்கள் உதடு ஏதோ சொல்கிறது. திட்டுகிறீர்களோ, கொஞ்சுகிறீர்களோ, ராத்திரி சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறீர்களோ, எனக்குத் தெரியவில்லை.

போய் வாருங்கள், அம்மா. அவள் எதிரில் வந்து நின்று அக்கா என்று கூப்பிடும்போது, உங்களுக்கு அடையாளம் தெரியும்.